ஐஸ் கம்பெனியில் வயோலா

மண்டபம் வடக்குத் துறையில்
அறுபத்தோரு நாளுக்கு யாருக்கும் ஐஸ் வேண்டாம்.
விசைப்படகெல்லாம் கயிற்றில் கிடந்தன.
லாசர் முதலாளி குளிர் அறையை எங்களுக்கு விட்டார்.
வாடகை: கரண்ட் பில்,
போகும்போது ஒரு கச்சேரி.

குளிர் எங்களுக்கில்லை, ஹார்ப்புக்கு.
நாற்பத்தேழு நரம்பில் பாதிக்குமேல் குடல்நரம்பு.
கடல் மூச்சுவிட்டால் ஊதும்,
கச்சான் அடித்தால் இறுகும்,
தெர்மாகோல் சுவருக்குள் மட்டும்
சொன்ன சுருதியில் கொஞ்ச நேரம் நிற்கும்.

மர்ளியா நாற்பது நிமிடம் சுருதி சேர்ப்பாள்,
பன்னிரண்டு நிமிடம் வாசிப்பாள்,
திரும்பச் சேர்ப்பாள்.
சிவப்பு நரம்பெல்லாம் ஸட்ஜம், கறுப்பு மத்யமம்,
காலடியில் ஏழு மிதி.
பார்க்க வந்தவர்கள் யாழ் யாழ் என்றார்கள்.
மறுத்து மறுத்து
ஒருநாள் அவளே விட்டுவிட்டாள்.

ரெமிஜியுஸின் குழல் வெள்ளி.
பாம்பனிலிருந்து பஸ்ஸில் வருவதற்குள்
அதன் சாவிகளில் உப்பு பிடித்துவிடும்.
சிகரெட் தாளைச் செருகிச் செருகி ஒற்றி எடுப்பான்.
சிகரெட் பிடிக்க மாட்டான்.
பெட்டிக்கடைக்காரருக்கு அது ஒரு குழப்பம்.

நான் வயோலா.
'வயலின்தானே?'
இல்லை, கொஞ்சம் பெரிசு. கொஞ்சம் கீழே.
'அப்ப பெரிய வயலின்.'
ஆமா.

இருபத்தி மூன்றாம் நாள்
மெதுவான பகுதியில், எல்லாம் சரியாகப் போகும்போது,
பட்டென்று ஒரு நரம்பு.
ரெமிஜியுஸுக்கு விஷயம் தெரிய
இன்னும் இரண்டு ஸ்வரம் பிடித்தது.
புது நரம்பு வெளிநாட்டிலிருந்து வர மூன்று வாரம்.

நம்புகுமார் படகோட்டி.
வேலையில்லாத நாளில் குளிருக்காக வந்து
காலி ஐஸ் கேன் மேல் உட்கார்ந்திருப்பவன்.
அறுந்த துண்டை விரலிடையில் உருட்டினான்.
ஒன்றும் சொல்லாமல் போய்
எண்பதாம் நம்பர் தங்கூசியோடு வந்தான்,
சீலாவுக்குக் கட்டுவது.

மர்ளியா முடிச்சிட்டாள். நழுவியது.
மறுபடி இட்டாள். நழுவியது.
அவன் இட்டதுதான் நின்றது.
மூன்று நாள் அந்த நரம்பு
இழுக்க இழுக்க இறங்கிக்கொண்டே இருந்தது.
நாலாம் நாள் பிடித்தது.
பக்கத்து நரம்புகளைவிடக் கொஞ்சம் கண்ணாடித்தனமான சத்தம்,
கூட்டத்தில் ஒரு வெளியூர்ப் பேச்சு மாதிரி.

கச்சேரிக்கு ஒரு நாள் குறித்தோம்.
தடை முடியுமுன்னே ஐஸ் உறையவேண்டும் என்பதை
எங்களில் யாரும் யோசிக்கவில்லை.
அன்று காலை கம்ப்ரஸரை ஓட்டிவிட்டார்கள்.
முதலாளி கையைப் பிசைந்தார்:
நிறுத்தினால் முந்நூறு பார் போச்சு.

அந்த இரைச்சலுக்கு ஒரு சுருதி இருந்தது.
பஞ்சமமென்று சொல்லலாம்,
சொன்னால் பொய், நூலளவு கீழே.
நாற்பத்தேழு நரம்பை இறக்க முடியாது.
வெள்ளிக்குழல் இறங்காது.
மோட்டார் யாருக்கும் இறங்காது.
என் விரலுக்கடியில் கட்டை இல்லை, மெட்டு இல்லை,
சாய்ந்தால் சாயும்.
அதனால் அன்று முழுக்கச் சாய்ந்தே வாசித்தேன்,
ஹார்ப் வரும்போது அந்தப்பக்கம் ஒரு மயிரிழை,
அது ஓய்ந்ததும் இந்தப்பக்கம்.
கழுத்து வலித்தது.
எழுதியிருந்ததில் அது எதுவும் இல்லை.

ஐஸ் உடைப்பவர்கள், வலைக்காரர்கள்,
இரண்டு கன்னியாஸ்திரிகள்,
மர்ளியாவின் மாமா கீழக்கரையிலிருந்து குடும்பத்தோடு.
கைதட்டினார்கள். டீ வந்தது.
குழல் குயில் மாதிரி என்றார் ஒருவர்.
யாழ் என்றார் மாமா.

ஹார்ப்பை மீன்வண்டியில் ஏற்றும்போது
அடிப்பக்கம் பிடித்திருந்த நம்புகுமார்
என் பக்கம் பார்க்காமல் சொன்னான்:

'உங்க சத்தம் எனக்குக் கேக்கவே இல்ல.'

வண்டிக்குள் சாக்கை விரித்தான்.

'நடுவுல ஒரு தடவ நிறுத்துனீங்கள்ல.
அப்பத்தான் மோட்டார் கேட்டுச்சு.'