பதினெட்டு, அறுபத்திரண்டு, இருநூற்றுப் பத்து

டிக் டிக் டிக்.
கடிகாரம் இல்லை, பொனெட்டுக்கு அடியில்.
குளிரில் தொடங்கும், சூடேறினால் அடங்கும்.
அடங்கியதைச் சரியாகிவிட்டது என்று எண்ணி
மூன்று வாரம் என்னை நானே ஏய்த்தேன்.
பிறகு சூடேறியும் அடங்கவில்லை.
ஒரு மிதிக்கே ஓடிவந்த டர்போ
இரண்டு தரம் கேட்டால்தான் திரும்பிப் பார்த்தது.

டாண்டினோங்கில் ஜூன் மாதம்.
முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து,
கையில் இன்னும் கிருமிநாசினி வாசத்தோடு
ஏழரைக்கே பாகக் கடை வாசலில் நின்றேன்.
டிரங் மூன்றை எடுத்துக் கவுன்டரில் போட்டான்.

கிராஃபைட் பூசியது, பதினெட்டு டாலர்.
துருவேறா எஃகு, மூன்றடுக்கு, அறுபத்திரண்டு.
கம்பெனிப் பெட்டியில் வந்தது, இருநூற்றுப் பத்து.
ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து,
சேலைக் கரையைத் தடவுகிறவள் போல
ஓரங்களைத் தடவிப் பார்த்தேன்.

"வேறு எஞ்சின் என்றால் பதினெட்டே போதும்" என்றான்.
தெரியும்.
வேறு எஞ்சினில் பிஸ்டன் ஏறும், இறங்கும்,
வாசலைத் திறந்து மூட வால்வு இருக்கும்.
என்னுடையதில் ஒரு முக்கோணம்
வயிறு பருத்த கூட்டுக்குள் உருண்டுகொண்டே இருக்கிறது.
எரிந்து முடிகிற வரை பொறுமை இல்லை அதற்கு.
பாதி நெருப்பை அப்படியே வெளியே தள்ளும்,
அந்த நெருப்புக்கும் டர்போவுக்கும் நடுவில்
நிற்கப் போவது இந்தத் தகடு மட்டும்.

வாடகை போக வங்கியில் நூற்று நாற்பது.
சம்பளம் வியாழன்.
"நாளைக்குச் சொல்கிறேன்" என்று வந்துவிட்டேன்.

ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறிய நட்டுகள்.
எட்டில் ஆறு மரியாதையாக வந்தன.
ஏழாவது யோசித்து வந்தது.
எட்டாவது தண்டையும் கூட்டிக்கொண்டு வந்தது.
டர்போவை மடியில் வாங்கினேன், நல்ல கனம்,
பழைய காஸ்கெட்டை நெம்பி எடுத்தேன்.

காஸ்கெட்டா அது?
பிஸ்கட் டின் மூடி!
கத்தரியால் வெட்டி, ஆணியால் துளை போட்டிருக்கிறது.
நடுவெல்லாம் கரி. வெளியே நீண்ட ஓரத்தில் மட்டும்
வேகாமல் தப்பிய ஒரு கிளியின் சிவப்பு வால்.
"எல்லாம் புதுசு அக்கா, ஒரு ரூபாய் செலவு வராது"
என்று விற்றுவிட்டுப் போன வெரிபிப் பையன் லவனீதன்,
பால் பிஸ்கட் தின்றிருக்கிறான்.
கோபப்படத்தான் நினைத்தேன்.
ஆனால் இரண்டு வருடம் தாங்கியிருக்கிறதே, படுபாவி மூடி!

சிரிப்பு அடங்கியதும் ஒரு சந்தேகம்.
எஃகு அளவுகோலை மேனிஃபோல்ட் முகத்தில் நிறுத்தி
பின்னாலிருந்து டார்ச் அடித்தேன்.
வெளிச்சம் வந்தது.
மெல்லிய, நேரான, வெட்கமில்லாத ஒரு கோடு.
முகமே கோணல்.
பதினெட்டோ இருநூற்றுப் பத்தோ,
எதை வைத்தாலும் அந்த வழியாகத்தான் மூச்சுப் போயிருக்கும்.

ஹாலமில் ஒருவர் முகம் சீவித் தருகிறார், நாற்பத்தைந்து.
மிச்சம் தொண்ணூற்றைந்து.
கம்பெனிப் பெட்டி தானாகவே மேசையை விட்டு இறங்கியது.
பதினெட்டை எடுத்தால் எழுபத்தேழு கையில் நிற்கும்,
இந்த வண்டி குடிக்கிற பெட்ரோலுக்கு அது வேண்டும்.
ஆனால் ஆறு மாதத்தில் அது பொரிந்தால்
மறுபடி எட்டு நட்டு, மறுபடி அந்த எட்டாவது,
மறுபடி என் முழங்கைத் தோல்.
தோலுக்கு யாரும் விலைச்சீட்டு ஒட்டுவதில்லை.

எஃகு என்றேன்.
"கவரைப் பிரித்தால் திருப்பி எடுக்கமாட்டோம்" என்றான் டிரங்.
கடையிலேயே பிரித்தேன்.

செவ்வாயும் புதனும் வேலைக்குப் பேருந்து.
வியாழன் காலை நட்டுகளை மூலைக்கு மூலை முறுக்கி,
சூடாக்கி, ஆறவிட்டு, இன்னொரு தரம் முறுக்கி
சாவியைத் திருப்பினேன்.

டிக் இல்லை.
ஒரு டிக்கும் இல்லை.
பொனெட்டில் காதை வைத்து நின்றேன், அந்த நிம்மதியில்தான்
அதற்கு அடியில் இவ்வளவு நாள் ஒளிந்திருந்த
இன்னொன்று கேட்டது,
தண்ணீர்ப் பம்புப் பக்கம், சன்னமாக, கீ... என்று.

உள்ளே ஏறி
ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.