இடக்கை

தரையில் நிற்பவனின் குரல் எனக்கு ஏறாது.
நாற்பது மீட்டர் உயரக் கண்ணாடிப் பெட்டிக்குள்
எனக்கு வந்து சேர்வதெல்லாம்
ஒரு மஞ்சள் தொப்பி, இரண்டு கைகள்.

புந்தா அரேனாஸில் அன்று காற்றுக்குக் கொஞ்சம் இரக்கம்.
ஆட்கள் பிடித்து நடக்கத் தெருமுனைகளில் கட்டிய கயிறுகள்
பிடிப்பாரில்லாமல் தொங்கின.
காற்றுமானி ஏழு என்றது.
பத்தைத் தொட்டால் தேர்வு இல்லை.

கீழே குஸ்தோதியோ ஓயார்சோ.
இருபத்திரண்டு வருடம் பாரம் கட்டியவன்.
போன வருடத்துக்கு முந்தின வருடம்
சங்கிலிக்கும் குழாய்க்கும் நடுவே
வலக்கைச் சுட்டுவிரலையும்
பக்கத்து வீட்டு நடுவிரலையும் விட்டுவந்தான்.
சான்றிதழ் காலாவதியானது அதற்குப் பிறகுதான்.
விரல்கள் முந்திக்கொண்டன.

காலையில் வகுப்பு.
கேபின் சூடேறும்வரை நானும் கடைசி பெஞ்சில்.
தேர்வாளர் பெல்மார் பலகையில் முக்கோணம் போட்டார்:
இரண்டு கால் ஸ்லிங்,
நேராகத் தொங்கினால் ஆளுக்குப் பாதி.
கால்கள் அகல அகல
கோணம் படுத்துக்கொண்டே போய்
தரைக்கு முப்பது பாகையில் நின்றால்
ஒவ்வொரு காலும் தனித்தனியே
முழு எடையையும் இழுக்கும்.
'என் கல்யாணம் மாதிரி' என்றான் ஓயார்சோ.
எரிவாயு அடுப்பைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.
பெல்மார் சிரிக்கவில்லை,
கோணத்தை மட்டும் இன்னொருமுறை தடித்து வரைந்தார்.

பிறகு முற்றத்தில் ஒன்பது பட்டைகளைப் பரப்பினார்.
கெட்டவை இரண்டு, கலந்து வைத்தவரும் அவரே.
ஓயார்சோ முழங்காலிட்டு, கையுறை கழற்றி,
பட்டைகளைத் துணிக்கடையில் சேலை பார்ப்பதுபோல்
விளிம்பு விளிம்பாகத் தடவினான்.
அடையாளச் சீட்டு இல்லாதது ஒன்று, ஒதுக்கினான்.
உள்ளே சிவப்பு நூல் எட்டிப்பார்த்தது ஒன்று, ஒதுக்கினான்.
அப்புறம் மூன்றாவதாக ஒன்றையும்.
பெல்மார் அதை வாங்கி
இரண்டுதரம் புரட்டினார்,
தன் சொந்தக் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார்.

இனி என் முறை.
இரண்டு டன் கான்கிரீட் கட்டி.
அவன் இடது சுட்டுவிரல் வானைப் பார்த்துச் சுழன்றது: தூக்கு.
தூக்கினேன்.
கை நீட்டி உள்ளங்கை கவிழ்த்து ஆட்டினான்: நில்.
நின்றேன்.
மறுபடி தூக்கு. இடக்கை சரியாகத்தான் பேசியது,
புதிதாகப் படித்த மொழியின் கவனத்தோடு.

ஆள் மட்டத்தைத் தாண்டியதும் ஒரு வீச்சு வந்தது,
கட்டி தன்னைத்தானே திருப்பிக்கொண்டது.
வழிகாட்டிக் கயிறு இறுகியது.
அப்போது மேலே வந்தது வலக்கை.
இருபத்திரண்டு வருடத்துக் கை, யாரையும் கேட்காமல்.
இல்லாத விரல் சுழன்றிருக்க வேண்டும்.
நான் கண்டது
மணிக்கட்டு ஆடும் ஒரு முட்டி.

புரியாத சைகைக்கு ஒரே பதில்தான் உண்டு.
நெம்புகோலை நடுவுக்குக் கொண்டுவந்தேன்.
இரண்டு டன் அந்தரத்தில்
என்னையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தது.

வானொலியில் பெல்மார்: 'மிலென்கா, கடைசிச் சைகை என்ன?'
அவன் சொல்ல வந்தது எனக்குத் தெரியும்.
மெதுவாக இறக்கு. வேறென்ன சொல்வான்?
தெரியும் என்பதும் கண்டேன் என்பதும்
வேறு வேறு கோணங்கள்.
'புரியவில்லை' என்றேன்.

மத்தியானம் உணவறையில்
எதிரே வந்து உட்கார்ந்தான்.
மாத்தே குடுவையை என் பக்கம் தள்ளினான்.
'மேலிருந்து எப்படி இருந்தது?'
'ஈ ஓட்டுகிறாய் என்று நினைத்தேன்.'
கொஞ்ச நேரம் கையையே பார்த்துவிட்டுச் சொன்னான்:
'பெரிய ஈ.'

மறுதேர்வு ஆகஸ்டில்.
நேற்று ரொட்டிக் கடை வரிசையில்
எனக்கு மூன்று பேர் முன்னால் நின்றான்.
மேல் தட்டில் ருபார்ப் ஜாடி.
கடைப்பெண்ணுக்குச் சைகை காட்டுகிறான்:
இடது சுட்டுவிரல் தரைநோக்கிச் சுழல,
அதன் மேல் அசையாமல் விரித்த வலக்கை,
மூன்று விரல்களோடு.
அவள் விழித்தாள்.

என் கை
கோட்டுப் பைக்குள்
நெம்புகோலைத் தேடியது.