சங்கு ஊதுமுன்

பதினெட்டு வருசத்தில் முதல்முறையாக
மேனேஜர் எனக்கு ‘ங்க’ போட்டுப் பேசினார்.
‘உக்காருங்க. டீ குடிங்க.
நீங்க எதையும் பாக்கலீங்கல்ல?’
நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து
‘இல்லீங்க’ என்றேன்.
டீயில் சர்க்கரை தூக்கலாக இருந்தது.

மறுநாள் இன்ஸ்பெக்டரிடம்.
அதற்கும் மறுநாள்
ஓமலூர்ப் பக்கமிருந்து வந்து
மில் கேட்டுக்கு வெளியே
மகளின் தகரப்பெட்டியை மடியில் வைத்திருந்த
நவமணியின் அப்பனிடம்:
‘எனக்கொண்ணும் தெரியாதுங்க.’
சொன்ன வாய் மூடவில்லை,
ரெண்டாம் ஷிப்டுக்குச் சங்கு ஊதியது.

அந்த மீன்காரருக்குச் சேவல் கூவிற்று.
பல்லடத்துக்காரி எனக்கு
மில் சங்கு.

மொட்டைமாடியிலிருந்து விழுந்தாளாம்.
சூப்பர்வைசர் கூப்பிட்டுப் பஞ்சு குடோனுக்குள் போனதையும்
கதவு சாத்தியதையும் பார்த்தேன்.
விடிகாலை மூன்று மணிக்கு
ரெண்டு பேர் போர்வையில் சுற்றிய எதையோ
படியேறித் தூக்கிப் போனதையும் பார்த்தேன்.
மாடியிலிருந்து விழுந்தவளை
எதற்கு மாடிக்குத் தூக்க வேண்டும்?

தீமைக்குக் கொம்பு இருக்கும் என்று
சின்ன வயசில் நினைத்திருந்தேன்.
அது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு
கோயில் நோம்பிக்கும் பணம் கொடுக்கும்,
எங்கள் கிறிஸ்மஸுக்கும் கேக் கொடுக்கும்.
ஆலயத்து ஃபேனின் மூன்று இறக்கையிலும்
உபயம் அவர்கள் பெயர்தான்.
சுற்றும்போது படிக்க முடியாது.
கரண்ட் போனால் தெரியும்.

உபதேசியார் சொன்னார்: மன்னித்துவிடு தாயி.
மன்னிக்கலாம் ஐயா,
கேட்க ஒருத்தன் வரட்டும் முதலில்.

ராத்திரிகளில் ஒரு மோட்டார் சைக்கிள்
லைட்டை என் சுவரில் அடித்துவிட்டுப் போகும்.
ஜெபத்தில் ‘தீமை’ என்ற சொல் வந்ததும்
நாக்கு நின்றுவிடும்,
கண்டம்விட்ட பஸ்ஸைப் போல.
வானம் திறக்கவில்லை. குரல் ஒன்றும் கேட்கவில்லை.
மீன்காரரைப் பற்றித்தான் திரும்பத் திரும்ப யோசித்தேன்.
தெரியாது, தெரியாது என்று சொன்னவரை
அப்புறம் கரையில் பார்த்தபோது
ஏன் சொன்னாய் என்று அவர் கேட்கவே இல்லை.
நெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்திருந்தார்.
முதலில் சாப்பாடு.

எழுந்து அரிசிம்பருப்பு வைத்தேன்.
ஒரு மாசத்துக்குப் பிறகு வயிறாரத் தின்றேன்.
ஆடிக் காற்று பஸ்ஸைத் தள்ளியது.
வழியெல்லாம் காத்தாடிகள்
கையை வீசி வீசி எதையோ மறுத்துக்கொண்டிருந்தன.

திருப்பூர் கோர்ட்டில் முட்டி ஆடியது, மறைக்கவில்லை.
‘ரெக்கார்டுல பாப்பாத்தி, சர்ச்சுல தெபோராள்.
எந்தப் பேரும்மா பொய்?’
வக்கீல் சிரித்தார். பின்னால் நாலு பேர் சிரித்தார்கள்.
இந்தப் பதிலில் என் மகனின் சர்டிபிகேட்டே போகலாம்.
தெரியும்.
‘ரெண்டும் நாந்தானுங்க.
ஒண்ணு காயிதத்துக்கு.
ஒண்ணு, கூப்பிட்டா திரும்பிப் பாக்கறதுக்கு.’

நிச்சயமாகப் பார்த்தாயா என்றார்.
‘பாத்தேனுங்க.’
இருட்டில் எப்படித் தெரிந்தது என்றார்.
‘பாத்தேனுங்க. குடோன் பல்பு எரிஞ்சுதுங்க.’
மறுபடி கேட்டார், மறுபடி சொன்னேன்.
எத்தனை முறை என்று எண்ணவில்லை.
எண்ணியிருப்பவர் எண்ணியிருப்பார்.
கடைசி பெஞ்சில் தகரப்பெட்டி
‘டொக்’கென்று தரையில் இறங்கியது.

வாய்தா பதினாலாம் தேதிக்கு.
வேலை போய்விட்டது, சம்பளப் பாக்கி நிற்கிறது.
இன்றைக்கு ராத்திரி ஜெபத்தில்
நாக்கு அந்த இடத்தைத் தாண்டியது,
மெதுவாக,
தண்ணி போகும் பள்ளத்தைத் தாண்டுகிறவள் மாதிரி
சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

அந்த லைட் வந்தது, சுவரில் நின்றது.
நிற்கட்டும்.
எங்கள் வீட்டுப் பல்லி
அந்த வெளிச்சத்தில்தான்
பூச்சி பிடிக்கப் பழகியிருக்கிறது.