எழுபது பாகை

பகல் முழுக்க முந்நூறு கோப்பைத் தேத்தண்ணி
உறிஞ்சித் துப்புவது என் உத்தியோகம்.
யூனியன் பிளேஸ், மூன்றாம் மாடி.
திம்புள்ள, ஊவா, ருகுண என்று
வெள்ளைக் கோப்பைகள் வரிசை கட்டும்.
நாக்கு கம்பனிக்கு.
தொண்டைக்கு ஒரு சொட்டும் இல்லை.

கொள்வனவுக்கு வந்த மொரிதா
போகும்போது தந்த செஞ்சாப் பொட்டலம்
வெள்ளவத்தை அடுப்படியில் ஒரு கிழமை கிடந்தது,
பெருஞ்சீரகப் போத்தலுக்கும் மாசிக்கும் நடுவில்.

வெட்டினேன்.
மழை விட்டு புல்லு வெட்டிய மைதானம்,
கொஞ்சம் கடற்பாசி.

முதல் நாள், கைப்பழக்கம்,
கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிட்டேன்.
வேப்பம்பூ வெட்கப்படும் கசப்பு.
தொழில் தெரிந்தவள், வெளியில் சொல்ல ஏலாது.

எழுபது பாகை என்று எழுதியிருந்தார்.
எங்கட வெப்பமானி காய்ச்சலுக்கு மட்டும்,
நாற்பத்திரண்டோடு நின்றுவிடும்.
எனவே கேத்திலில் இருந்து கிண்ணத்துக்கு,
கிண்ணத்தில் இருந்து கோப்பைக்கு,
திரும்பவும் கிண்ணத்துக்கு.
அதற்குள் பாணந்துறை ரயில் கடந்துவிடும்.
ஜன்னல் கண்ணாடி நடுங்கி ஓய்ந்ததும்
ஊற்று.
ஒரு நிமிடம். கலக்காதே.

இனி எதனோடு குடிப்பது?
பக்கத்து வீட்டு ரிஸ்வானாவின் வட்டிலப்பம்:
கருப்பட்டிக்குள் தேத்தண்ணி
தாண்டு போனது.
மிக்ஸர்: பேசவே வேண்டாம்.
இரவு மிஞ்சின இடியப்பம் இரண்டு,
சொதி தீர்ந்துவிட்டது,
மாசிச் சம்பல் மட்டும்.
ஒரு வாய் அது, ஒரு மிடறு இது.

அப்படியே நின்றேன்.
இரண்டு பக்கத்தாலும் கடல்
வாய்க்குள் வந்து சேர்ந்தது.
போன தடவை எங்கள் மாசியை மோந்து
மொரிதா ஏன் சிரித்தார் என்று
அப்போதுதான் பிடிபட்டது.

மூன்றாம் தரம் ஊறின பிறகு
இலை கீரையாய் விரிந்து கிடந்தது.
எறிய மனமில்லை.
சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய்,
ஒரு பிடி தேங்காய்ப்பூ, வறை.
சுகிர்தன் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டான்.
"பொன்னாங்காணி நல்ல இளசு,
எந்தக் கடை?"
மாக்கெட் என்றேன்.

திங்கட்கிழமை, பதினேழாம் கோப்பை,
நுவரெலியா, மெல்லிய மஞ்சள்.
துப்ப மறந்து விழுங்கிவிட்டேன்.
மனேஜர் நிமிர்ந்து பார்த்தார்.
இருமல், சேர் என்றேன்.