இரண்டு பாட்டுக்கு நடுவே

சத்தம் கேட்டதும் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள்.
அழுத்தினேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓஸ்கரி
நிமிர்ந்து பார்த்தான்.
"நான் இன்னும் ஒன்றுமே அனுப்பவில்லை, இர்மெலி."

இருபத்தாறு வருஷம் ரௌமா கப்பல் தளத்தில்
பற்றவைத்த தகடுகளின் பிசிறைத்
தேய்த்துத் தள்ளியவள் நான்.
காதடைப்பான் கொடுத்திருந்தார்கள்.
பேச்சு கேட்காது என்று கழற்றி வைத்தோம்.
என்ன பேசினோம்?
ஹெர்ரிங் மீன் விலை,
மேற்பார்வையாளனின் புது மீசை.
அதற்கு இது கொஞ்சம் அதிகப்படியான பில்தான்.

எப்படி இருக்கும் என்று கேட்கிறார்கள்.
கொசு என்று சொல்லலாம்,
ஆனால் கொசு எங்காவது உட்காரும்.
பழைய டிவி படமில்லாமல் எரியும்போது
ஊசிபோல ஒன்று வருமே, அது.
இடது காதில் சற்று மேலே, வலதில் சற்றுக் கீழே.
விவாகரத்து வாங்கியும் வீடு கிடைக்காமல்
ஒரே கூரையின் கீழ் இருவர்.

யோகா வகுப்புக்குப் போகும் டெல்லெர்வோ
அதையே சுருதியாக வைத்துக்கொள் என்றாள்.
வைத்துப் பார்த்தேன்.
எந்த அக்கார்டியனோடும் அது சேரவில்லை,
ஒரு மயிரிழை கூடவே நிற்கிறது.
எனக்கு மட்டும் கேட்கும் வாத்தியத்தை
முறுக்கித் தளர்த்த
ஆணி எங்கே இருக்கிறது?

ஜூலை. சனிக்கிழமை.
ஏரிக்கரை நடன மண்டபத்தில்
இரவு பத்தரைக்கும் தரையில் வெயில்.
கொசு மருந்தும் வறுத்த சாசேஜும் மணக்கின்றன.
சிம்பலுக்கு எட்டாத மூலையாகப் பார்த்து
மெழுகடைப்பானைப் பாதி செருகி
நின்றுகொண்டேன்.
இங்கே சட்டம் ஒன்றுதான்.
ஒருவரை அழைத்தால் இரண்டு பாட்டு,
பிறகு இருந்த இடத்தில் கொண்டுவிட வேண்டும்.

இன்று பெண்கள் அழைக்கும் முறை.
ஓய்வாவிடம் போனேன்.
பால் டேங்கர் ஓட்டி ஓய்வு பெற்றவர்,
தாளத்துக்கு அரை அடி பின்னால் வருகிற கால்.
டாங்கோ தொடங்கியது.
அவர் தாடை என் நெற்றிப்பொட்டில் பட்டதும்
பாட்டு இரண்டாக வந்தது:
மேடையிலிருந்து ஒன்று,
தான் முனகுவது தனக்கே தெரியாத ஒரு மனிதரின்
எலும்பிலிருந்து என் எலும்புக்கு ஒன்று.
காதைக் கேட்டுக்கொண்டு வரவில்லை அது.
முன்கதவில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருக்க
சமையலறை வழியாக உள்ளே வந்துவிட்டது.

முதல் பாட்டு முடிந்தது.
அக்கார்டியன் துருத்தி மூச்சுவிட்டுச் சுருங்கியது.
அந்த இடைவெளி.

முன்பெல்லாம் அதற்குள் கழிவறைக்கு ஓடி
குழாயைத் திறந்துவிட்டு நிற்பேன்.
இரண்டாவது பாட்டுக்குத்
துணையில்லாமல் தரையில் நின்ற ஆண்கள்
இந்த மாவட்டத்தில் நாலைந்து பேராவது இருப்பார்கள்.
இன்று நின்றேன்.
வந்தது. இரண்டு காதிலும்.

"விசிலடிக்கிறது," என்றேன்.
"எந்தப் பாட்டு?"
"பாட்டில்லை. ஒரே ஸ்வரம்."
உதட்டைக் குவித்து அவருக்குக் காட்டப் பார்த்தேன்,
அந்த உயரத்துக்கு
வெறும் காற்றுதான் போனது.

அவர் வெளியே ஸ்ப்ரூஸ் மரங்களைப் பார்த்தார்.
"அங்கே ஒரு குருவி உண்டு,
கட்டைவிரல் பருமன், உச்சியில் மஞ்சள் கோடு.
ஏழு வருஷமாக எனக்குக் கேட்கவில்லை.
காதில் மிஷின் வைத்தும் அந்த உயரம் எட்டவில்லை.
இப்போது பாடுகிறதா?"

கேட்டுப் பார்த்தேன்.
ஊசிக்குள் ஊசி.
எது மரத்தினுடையது, எது என்னுடையது,
பிரிக்க முடியவில்லை.

"பாடுகிறது," என்றேன்.
"எப்படி?"
"நிறுத்தாமல்."

சிரித்தார். முதுகில் இருந்த கையை
எடுக்கவே இல்லை.
இரண்டாவது பாட்டு வால்ட்ஸ்.
நடுவில் ஒரு முறை
மெழுகடைப்பான் கழன்று விழுந்தது,
யாரோ மிதித்தார்கள்,
நான் குனியவில்லை.

நாளைக்கு இரண்டு பங்காகக் கத்தும், தெரியும்.
வீடு திரும்பும் வழியில் ஜன்னலை இறக்கி
டயரின் இரைச்சலைப் போர்த்திக்கொள்வேன்.
இப்போதைக்கு
சட்டப்படி என்னைப் பெஞ்சில் கொண்டுவிட்டு
நன்றி சொல்லித் திரும்புகிறார் ஓய்வா,
அரை அடி பின்னால் வருகிற காலோடு,
மரங்களைப் பார்த்தபடி.