இடப்பக்க மவுண்டிங்

தக்கலை பீர்கண்ணுவின் ஒர்க்‌ஷாப்பில்
பானெட்டின்மேல் விரித்த பேப்பரில்
மூன்று ஜோடி கிடக்கின்றன.

என் கார் அறுபத்தாறாம் வருஷத்து ஃபியட்.
நிறுத்தி ஓடவிட்டால்
கண்ணாடியில் பின்னால் நிற்கும் பஸ்
இரண்டாகத் தெரியும்.
கியர் கம்பிக்குக் குளிர்காய்ச்சல்.
கிளட்சை விடும்போது எஞ்சின்
ஒருமுறை எழுந்து உட்கார்ந்துகொள்ளும்,
ஸ்டாப் தப்பி விழித்தவர் மாதிரி.

முதல் ஜோடி உக்கடத்தில் கிடைத்தது.
ஒரிஜினல், முத்திரை பிரியாத பெட்டி.
பீர்கண்ணு இரண்டு கையாலும் ஏந்திக் காட்டினார்.
நான் நகத்தால் அழுத்தினேன். பள்ளம் விழவில்லை.
வளைத்தேன். விளிம்பில் மயிரிழை வெடிப்பு.
'பெட்டிக்குள்ள இருந்தாலும்
ரப்பருக்கு வயசாகும் காக்கா.'

இரண்டாவது, நூற்று எண்பது ரூபாய் டூப்ளிகேட்.
மூக்கருகே கொண்டுபோனாலே தெரிந்துவிட்டது.
சுண்ணாம்புக்கு ரப்பர் வாசனை காட்டியிருக்கிறான்.

மூன்றாவது மஞ்சள். பாலியூரித்தேன்.
கூரியரில் வந்தது.
'இது நம்மள அடக்கினப் பொறவும் கெடக்கும்'
என்றார்.

மாட்டிப் பார்த்தோம்.
டாஷ்போர்டில் ஒரு கிளாஸ் கட்டன் சாயா வைத்தேன்.
சாயாவின்மேல் கொசுவலை பின்னிக்கொண்டது.
எஞ்சின் அசையவே இல்லை.
அசைந்ததெல்லாம் மற்றவை:
கதவு, சீட்டு, கையுறைப் பெட்டிக்குள் சில்லறை,
என் கடைவாய்ப் பல்லில் அடைத்த சிமெண்ட்.
'கழற்றுங்க.'
'கிரேடரம்மா, உழைக்குற சாமான் கேட்டியளே?'

கேட்டேன்தான்.
குலசேகரம் கிடங்கில் பதினொரு வருஷமாக
ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துத் தரம் பிரிக்கிறேன்.
குமிழி, பூசணம், புகை எட்டாத திட்டு
எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.
எது எவ்வளவு நாள் உழைக்கும் என்று மட்டும்
எந்த வெளிச்சத்திலும் தெரிந்ததில்லை.

கழற்றிப் போட்ட பழையது இரண்டையும்
சாக்குத் துணியில் துடைத்து
அருகருகே வைத்தேன்.
வலது பக்கத்தது இன்னும் பிழைக்கும்.
இடது பக்கத்தது
சாயாவில் முக்கி மறந்த ரஸ்க்.
ஒரே கம்பெனி, ஒரே நாளில் பூட்டியவை.
அண்ணாந்து பார்த்தேன்.
டாப்பெட் மூடியின் இடது ஓரத்திலிருந்து
ஒரு கறுப்புக் கோடு இறங்கி
சரியாக அந்த இடத்தில் முடிந்தது.

எண்ணெய்.
நாங்கள் ஒரு மாதமாக
வருஷத்தின்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தோம்.

பீர்கண்ணு விளக்கை உள்ளே நீட்டினார்.
நெடுநேரம் நீட்டியபடியே இருந்தார்.
'நாப்பது ரூவா பேக்கிங்கு' என்றார்,
என்னைப் பார்க்காமல்.

மார்த்தாண்டத்தில் சுபின் ஜோஸ்
அச்சில் வார்த்துத் தருகிறவன்.
நம்மூர்ப் பால்தான்,
இரும்புத் தகட்டோடு சேர்த்து வேகவைப்பான்.
பசை போட்டு ஒட்டுகிற ஏமாற்று கிடையாது.
'எழுவது ஷோர் போடட்டா?'
'அறுபது.'
'சீக்கிரம் அமுங்கிரும்.'
'அமுங்கட்டும். அதுக்குத்தானே வாங்குறோம்.'
'ஸ்பேருக்கு ஒரு ஜோடி?'
வேண்டாம் என்றேன்.
பெட்டியைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை.

வேர்க்கிளம்பியில் ஓரமாக நிறுத்தி,
எஞ்சினை அணைக்காமல்,
கடையிலிருந்து கட்டன் வாங்கி வைத்தேன்.
ஒரு வட்டம்.
விளிம்பைத் தொட்டு, யோசித்து,
இன்னொரு வட்டம்.
கியர் கம்பியில் கை வைத்தால்
உள்ளே ஆள் இருப்பது தெரிகிறது.
அவ்வளவு போதும்.
கண்ணாடியில் பேச்சிப்பாறை பஸ்,
ஒன்றே ஒன்று,
இடவலம் மாறிய போர்டின் கொம்பும் சுழியும்
எழுத்தெழுத்தாகத் துலங்க.
நான் வாசித்து முடிக்கும்வரை
ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

இரவு வண்டிக்கு அடியில்
அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்தேன்.
காலையில் குனிந்து பார்த்தேன்.
அட்டையில் எறும்பு மட்டும்.
நாளைக்கும் பார்க்கவேண்டும்.