ஒரே சிரிஞ்ச்

மட்டக்குளியில்,
களனி கங்கை கடலில் விழுவதற்குச் சற்று இப்பால்,
தகரக் கூரைக்குக் கீழே பதினொரு குட்டிகள்.
இன்று மூன்றாம் நாள்.

தாய்க்குப் பால் இருக்கிறது. பாலில் இரும்பு போதாது.
காட்டில் பிறந்திருந்தால் மூக்கால் மண்ணைக் கிண்டி
அதுகளே எடுத்துக்கொள்ளும்.
இங்கே சீமெந்துத் தரை.
கொழும்பில் மண் என்றால் பேர்ச் கணக்கில் விலை பேசுவது.
ஆகவே போத்தலில் வருகிறது,
பால் விடாத தேத்தண்ணி நிறத்தில்.

மற்றப் போத்தல் வலிக்கு. மஞ்சள்.
வால் நறுக்க முன்,
கடுவனென்றால் விதை எடுக்க முன்,
போடச் சொல்லி டொக்டர் ஷெஹாரா
போன மாதம்தான் பழக்கினா.
அதுவரைக்கும் வலிக்கென்று எங்களிடம் இருந்தது
யூஜினின் கை வேகம்.

யூஜின் சொல்கிறான்:
ரெண்டையும் ஒண்டா இழு மெரில்டா,
இருபத்திரண்டு குத்து பதினொண்டாகும்.
கணக்குச் சரி.
இரக்கமும் சரிதான், ஒரு விதத்தில்.
தூக்கினாலே அலறும் உயிரை
ஒருக்கால் தூக்கினால் போதுமே.

இழுத்தேன்.
மஞ்சள் உள்ளே போனது,
போன இடம் தெரியவில்லை.

டொக்டருக்கு எடுத்தேன்.
பொரளைச் சந்தி பஸ் இரைச்சலுக்குள் இருந்து சொன்னா:
எனக்கும் நிச்சயமில்லை,
இரும்பு மற்றதைப் பிடிச்சு வைச்சாலும் வைக்கும்,
போத்தலில் என்ன போட்டிருக்கு?
போத்தலில் போட்டிருந்தது,
வெயில் படாமல் வைக்கவும்,
பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்கவும்.

நான் வயிற்றோடு இருந்தபோது
கிளினிக்கில் இரும்புக் குளிசை தந்து
தேத்தண்ணியோடு விழுங்காதே என்றார்கள்.
விழுங்கினேன்.
அந்த மசக்கைக்கு வேறொன்றும் இறங்கவில்லை.
உள்ளே எது எதைப் பிடித்து வைத்ததோ,
எவரும் திறந்து பார்க்கவில்லை.

கானுக்குள் அமத்தி ஊற்றினேன்.
யூஜின் காசைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
இன்னொரு சிரிஞ்சின் உறையைப் பல்லால் கிழித்துத் தந்தான்.

கழுத்தின் வலப்பக்கம் இரும்பு.
இடப்பக்கம் மஞ்சள்.
இருபத்திரண்டு அலறல்;
ஐந்தாவது குட்டி என் கவுனில் மூத்திரமும் பெய்தது.

மருந்து ஏறும்வரை சாக்கில் இருந்தோம்.
ஹோட்டல் மிச்சச் சோறு ஏற்றிய வான் இன்னும் வரவில்லை.
தூரத்தில் துறைமுகத்துக் கிரேன் எதையோ தூக்கி,
யோசித்து,
திரும்ப அதே இடத்தில் வைத்தது.

பிறகு யூஜின் முதல் கடுவனைக் கவிழ்த்துப் பிடித்தான்.
பிளேட் பட்டதும் கத்தியது.

குறைவாத்தான் கத்துது, என்றேன்.

எதைவிட என்று
அவன் கேட்கவில்லை.